பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைவு: புத்தளக் கரைக்குத் திறவாத வாசல்

பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைவு என்னும் சொற்றொடர் உச்சி மாநாடுகளிலும் கூட்டறிக்கைகளிலும் ஓயாது ஒலித்து வருகின்றது. அயல்நாடுகள் தமக்கிடையே வர்த்தகத் தடைகளைத் தளர்த்துதல், தரையாலும் கடலாலும் போக்குவரத்தை இணைத்தல், ஒரு நாட்டின் மூலதனம் மற்றொரு நாட்டில் தடையின்றி முதலிடப்பட வழிசெய்தல், கொடுக்கல் வாங்கலுக்கான நிதி ஏற்பாடுகளைப் பொதுவாக்குதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே இவ்வொருங்கிணைவு என்பது பொருளியலாளர் தரும் விளக்கமாகும். இவ்விளக்கத்தில் குறையில்லை. ஆயினும், கரையோரத்தில் வலை இழுப்பவனுக்கும் உப்பு வாரும் பெண்ணுக்கும் வெங்காயம் பயிரிடும் விவசாயிக்கும் இந்நான்கும் எந்த உருவில் வந்து சேர்கின்றன என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை தேடுவதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறு இருக்க முடியாது. தெற்கே சிலாபம், உடப்பு, முந்தல் தொடக்கம், புத்தளம் களப்பைச் சுற்றி, வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனை வரை நீளும் இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கின்றனர். இந்தியப் பெருநிலம், மாலைதீவு, வளைகுடா, சீனம் ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இக்கரையுடன் பிணைக்கப்பட்டுள்ளன. அப்பிணைப்பினால் நன்மை பெறுவோர் யாவர், சுமையைத் தாங்குவோர் யாவர் என்பதை இங்கு தெளிவாகக் காணலாம்.

முத்தும் கறுவாவும் போன வழி

ஒருங்கிணைவு இக்கரைக்குப் புதியதன்று. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' என்னும் ஊர் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவாகும். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததாகவும், மன்னரிடம் முத்துகள் குவிந்திருந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தன என்றும், மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையினரும் மலபார்க் கரையினரும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர் என்றும், பதிலாக மன்னருக்குத் துணிமணிகளைக் காணிக்கையாக அளித்தனர் என்றும் அவரது குறிப்பு கூறுகின்றது. இன்றைய மொழியில் கூறுவதாயின், அது மிகக் குறைந்த தீர்வையுடனான பிராந்திய வர்த்தகமாகும். பாவாத மலைக்குச் சென்று மீண்ட இப்னு பதூதா, இதே கரையிலிருந்து கப்பலேறித் தமிழகக் கரையை அடைந்தார். மாலைதீவு, புத்தளம், தமிழகம் என்ற முக்கோணப் பாதை அன்று வழமையான வணிகப் பாதையாக விளங்கியது.

பின்னாளில் கண்டி இராச்சியத்துக்கு வெளியுலகின் வாசலாகப் புத்தளம் அமைந்தது. தென்னிந்தியாவிலிருந்து துணியும் அரிசியும் இவ்வழியாக உள்நாட்டுக்குச் சென்றன, பாக்கு வெளியேறிற்று. இவ்வாசலை அடைப்பதற்காகவே ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களப்பின் வாயிலாகிய கற்பிட்டியில் கோட்டை எழுப்பினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானதும் கண்டியின் நேரடிக் கடல்வணிகம் முற்றுப்பெற்றது. ஆகவே, இக்கரை தானாகவே வணிகத்தில் பின்தங்கிவிடவில்லை. அதன் வாசல் திட்டமிட்டு மூடப்பட்டது.

சுதந்திரத்தின் பின்னர் வாசல் வேறு விதத்தில் ஒடுங்கியது. 1976ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மன்னார் வளைகுடாவில் இந்திய-இலங்கைக் கடல் எல்லை வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகிய மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் புள்ளியும் உடன்பாட்டினால் குறிக்கப்பட்டது. ஒரு காலத்தில் வணிகப் பாதையாக இருந்த முக்கோணம் இவ்வாறு எல்லைக் கோடுகளாயிற்று. இறைமையுள்ள நாடுகளுக்கு எல்லை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லை வரைந்தவர்கள், அதைச் சட்டப்படி கடந்து சிறுவணிகம் செய்வதற்கு ஒரு வழியை வைக்கவில்லை.

வர்த்தகம்: பெரிய கதவும் சிறிய சந்தும்

தென்னாசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் அவை தமக்குள் செய்துகொள்ளும் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே. தென்கிழக்காசிய நாடுகளிடையே இது ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகும். 1985ஆம் ஆண்டில் டாக்காவில் தோன்றிய சார்க் அமைப்பு, 2004ஆம் ஆண்டில் இஸ்லாமாபாத்தில் தென்னாசிய சுதந்திர வர்த்தக வலய உடன்படிக்கையைச் செய்து, 2006இல் அதை நடைமுறைப்படுத்தியபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 2014ஆம் ஆண்டு காத்மண்டு மாநாட்டின் பின்னர் சார்க் உச்சி மாநாடு எதுவும் கூடவில்லை.

இதனால் இலங்கை இருதரப்பு உடன்படிக்கைகளையே பெரிதும் நம்பியது. இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி கைச்சாத்தாகி, 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தானுடனான உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வுடன்படிக்கைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை வாசகர் அறிந்துகொள்ளல் நன்று. முதலாவது, தீர்வைச் சலுகைக்கு உட்படாத பொருள்களின் விலக்கல் பட்டியல். இந்திய உடன்படிக்கை தொடங்கியபோது இலங்கை ஏறத்தாழ 1,180 பொருள்களையும் இந்தியா 429 பொருள்களையும் இப்பட்டியலில் வைத்தன. இரண்டாவது, ஒரு பொருள் உண்மையிலேயே ஏற்றுமதி செய்யும் நாட்டில் உற்பத்தியானதுதானா என்பதைத் தீர்மானிக்கும் விதி. பொதுவாக அதன் பெறுமதியில் 35 சதவீதமேனும் உள்நாட்டில் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது, தரச் சான்றிதழ், ஆய்வுகூடப் பரிசோதனை, துறைமுகக் கட்டுப்பாடு போன்ற தீர்வையல்லாத தடைகள்.

இவ்விதிகளை அறிந்து பயன்படுத்தியவர்கள் பெருமுதலாளிகளே. பாம் எண்ணெயின் இறக்குமதித் தீர்வையில் இரு நாடுகளுக்கிடையே நிலவிய வேறுபாட்டைப் பயன்படுத்தி, இலங்கையில் வனஸ்பதித் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றின் உற்பத்தி இந்தியாவுக்குத் தீர்வையின்றிச் சென்றது. 2005ஆம் ஆண்டளவில் இலங்கையின் இந்திய ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டமைக்கு வனஸ்பதியும் செம்பும் முக்கிய காரணங்களாகும். இந்தியா அளவுக் கட்டுப்பாட்டை விதித்ததும் அத்தொழில் சரிந்தது. அதே காலத்தில் உடப்பின் கருவாட்டுக்கோ புத்தளத்தின் உப்புக்கோ இவ்வுடன்படிக்கை புதிய சந்தை எதையும் தேடித்தரவில்லை. சான்றிதழ் பெறும் செலவும் கொழும்புக்கு அலையும் நாள்களும் ஒரு சிறு வாடிக்காரனின் முழுப் பருவ இலாபத்தையும் விழுங்கிவிடும்.

இறக்குமதிப் பக்கத்திலும் நிலைமை இதுவே. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரைக் கொண்டு சின்ன வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடப்படுகின்றன. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அறிமுகமான விசேட வியாபாரப் பண்ட அறவீடு, வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் ஓரிரவில் ஏறவும் இறங்கவும் கூடியதாக இருந்து வந்தது. அறுவடை நேரத்தில் அறவீடு குறைந்தால் விவசாயி வீழ்வான். தட்டுப்பாட்டு நேரத்தில் அது உயர்ந்தால் நுகர்வோர் வாடுவர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அதன் தாக்கம் கொழும்புச் சந்தையில் உடனடியாக உணரப்பட்டது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென விசேடமாக 10,000 தொன் வெங்காயத்தை அனுமதிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. முன்கூட்டி அறியத்தக்க விதிகள் இல்லாத ஒருங்கிணைவு, விவசாயியைச் சூதாடியாக்கி விடுகின்றது.

சட்டப்படியான வாசல் ஒடுங்கும்போது என்ன நிகழும் என்பதற்கு மஞ்சள் ஒரு நல்ல பாடமாகும். அந்நியச் செலாவணியைச் சேமிக்கவும் உள்ளூர்ச் செய்கையை ஊக்குவிக்கவும் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், 2020ஆம் ஆண்டில் கிலோ ஒன்று சில நூறு ரூபாவாக இருந்த அதன் விலை ஆயிரக்கணக்கான ரூபாவாக உயர்ந்தது. அதன் பின்னர் மன்னார் தொடக்கம் கற்பிட்டி வரையான கடற்பரப்பில் மஞ்சள் மூட்டைகள் கடற்படையினரால் கைப்பற்றப்பட்ட செய்திகள் வாராவாரம் வெளியாயின. கனத்த வரி விதிக்கப்பட்ட பீடி இலையின் கதையும் இதுவே. கடத்தலுக்கு நியாயம் கற்பிப்பது எமது நோக்கமன்று. அது அரசின் வருமானத்தைத் தின்பதுடன், போதைப்பொருளுக்கும் அதே பாதையைத் திறந்துவிடுகின்றது. ஆயினும், ஒரே கடலின் இரு கரைகளிலும் ஒரு பொருளின் விலை பன்மடங்கு வேறுபட்டு நிற்கையில், சட்டம் மாத்திரம் அக்கடலைக் காவல் காக்க முடியாது. படகோட்டும் ஏழை மீனவன் சிறைக்குச் செல்கின்றான். முதல் போட்டவன் கரையில் பத்திரமாக இருக்கின்றான்.

போக்குவரத்து: வந்து நின்ற இருப்புப்பாதை

1926ஆம் ஆண்டில் இருப்புப்பாதை புத்தளத்தை எட்டியது. அதற்கு அப்பால் அது நீண்டது பயணிகளுக்காக அன்று. அருவக்காட்டுச் சுண்ணக்கல்லைப் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவதற்காகவே நீண்டது. அதே அருவக்காட்டுக்குக் கொழும்பின் குப்பையை அனுப்பும் திட்டத்துக்கு எதிராக, 2018ஆம் 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் இன, மத பேதமின்றித் தொடர் போராட்டம் நடத்தியமை நினைவுகூரத்தக்கது. மூலப்பொருள் வெளியே போகவும் கழிவு உள்ளே வரவும் பாதை கிடைத்தது. மக்களுக்கான பாதையோ புத்தளத்துடன் நின்றுவிட்டது.

வடக்கே மன்னாருக்குச் செல்லும் பழைய வீதியின் கதை இன்னும் நுட்பமானது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். மன்னார் மக்களில் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். போர் முடிந்த பின் இவர்கள் மீள்குடியேறவும், இரு மாவட்டங்களுக்கிடையே தொழில் செய்யவும் இலவன்குளம் வழியான வீதியே குறுகிய வழியாகும். அவ்வீதி வில்பத்து தேசிய வனத்தினூடாகச் செல்வதால் சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வனத்தை அழிக்காமல், இரவுப் போக்குவரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்தி மக்களின் போக்குவரத்தை அனுமதிக்கும் ஏற்பாடுகள் பல நாடுகளில் உள்ளன. அத்தகைய நடுவழி ஒன்றை எட்டாமல் ஆண்டுகள் கடத்தப்பட்டமையே துயரமாகும்.

கடற்பாதையில் கதை வேறு. கொழும்புத் துறைமுகத்தின் மீள்ஏற்றுச் சரக்கில் மிகப்பெரும் பங்கு இந்தியாவுக்குரியது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவை தொடங்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் மாலைதீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் மரபும் அற்றுப்போகவில்லை. இப்னு பதூதா கண்ட முக்கோணத்தின் ஒரு பக்கம் இன்றும் உயிரோடு இருக்கின்றது. புத்தளம் மட்டும் அதற்கு வெளியே நிற்கின்றது. களப்பு ஆழமற்றதாகையால் பெருங்கப்பல்கள் இங்கு வரமாட்டா. ஆனால் தோணி வணிகத்துக்குப் பெருந்துறைமுகம் தேவையில்லை.

முதலீடு: கரை மேடையானது

முதலீட்டைப் பொறுத்தவரை இக்கரைக்குக் குறைவில்லை. அரச உடைமையாக இருந்த புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலை 1990களில் தனியார்மயமாக்கப்பட்டு, முதலில் பாகிஸ்தானியக் குழுமம் ஒன்றிடமும், பின்னர் சுவிட்சர்லாந்தின் ஹோல்சிம் நிறுவனத்திடமும், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து நிறுவனத்திடமும் கைமாறியது. ஆசிய மூலதனம் எல்லை கடந்து பாயும் வரலாறு இந்த ஓர் ஆலையின் உடைமை மாற்றங்களிலேயே எழுதப்பட்டுள்ளது.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதனினும் பெரியது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில், சீன நிறுவனத்தால் கட்டப்பட்ட இந்நிலையத்தின் முதற்கட்டம் 2011ஆம் ஆண்டு மார்ச்சில் இயங்கத் தொடங்கி, 2014இல் மொத்த ஆற்றல் 900 மெகாவாற்றை எட்டியது. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வரும் நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அங்கிருந்து பாதைப் படகுகள் மூலம் கரி கரைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால், ஆண்டுத் தேவையைச் செப்டம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இறக்கிவிட வேண்டியுள்ளது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இந்நிலையம் வழங்கி வந்துள்ளது. மின்சாரம் நாடெங்கும் செல்கின்றது. கரித்தூசும் சாம்பலும் தம் வயல்களிலும் கிணறுகளிலும் படிகின்றன என்பது அயற்கிராமத்தவரின் நெடுநாள் முறைப்பாடு.

1980களில் சிலாபம் முதல் புத்தளம் வரை பரவிய இறால் பண்ணைகள் யப்பானியச் சந்தையை நோக்கி எழுந்தன. கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது, பண்ணைகளை இணைத்த பழைய ஒல்லாந்தர் கால்வாயின் நீரே நோயையும் இணைத்தது. கைவிடப்பட்ட குளங்கள் பல உவர்நிலமாகவே எஞ்சின. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலா வலயத் திட்டம் வந்தபோதும், கரைவலை இழுக்கும் இடமும் வாடி போடும் இடமும் பறிபோகுமோ என்ற அச்சமே மீனவரிடம் முந்தி எழுந்தது. ஏற்றுமதியும் அந்நிய முதலீடும் தீயவை அல்ல. இலாபம் வெளியேறி இழப்பு உள்ளூரில் தங்கும் வகையில் அவை அமைக்கப்பட்டதே தவறு.

நிதி: உண்டியலும் வங்கியும்

நிதி ஒருங்கிணைவு பொதுமக்களுக்கு எட்டாத விடயம் என்றே பலர் எண்ணுகின்றனர். 2022ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துதலை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அம்மாதங்களில் எரிபொருளும் மருந்தும் அரிசியும் வந்தமைக்கு, சார்க் ஏற்பாட்டின் கீழான 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்று வசதியும், இந்தியாவின் கடனுதவிகளும், ஆசியத் தீர்ப்பனவு ஒன்றியத்தின் ஊடாகச் செலுத்த வேண்டிய தொகைகள் பிற்போடப்பட்டமையும் துணை நின்றன. 1974இல் உருவாக்கப்பட்ட இவ்வொன்றியம், உறுப்பு நாடுகள் ஒவ்வொரு கொள்வனவுக்கும் உடனே டொலரைத் தேடாமல், குறித்த காலத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கணக்குப் பார்த்து மீதியை மட்டும் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடாகும். ஒரே கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கி, மாத முடிவில் தீர்ப்பதைப் போன்றதே இது. அமைதிக் காலத்தில் கவனிக்கப்படாத இவ்வேற்பாடு நெருக்கடியில் உயிர்காத்தது.

இக்கரையின் குடும்பங்கள் பல, வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தில் வாழ்வன. 2020இல் 710 கோடி டொலராக இருந்த நாட்டின் பணவனுப்பல், 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. உழைப்போர் பணம் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. வங்கியின் நாணயமாற்று விகிதம் செயற்கையாக இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தமையால், வெளிச்சந்தையின் உயர்ந்த விலையைத் தரும் உண்டியல் வழியை நாடினர். விகிதம் தளர்த்தப்பட்டு நம்பிக்கை மீண்டதும், 2023இல் பணவனுப்பல் 597 கோடியாக உயர்ந்தது. மஞ்சளில் கண்ட அதே பாடத்தை டொலரிலும் காண்கின்றோம்: வாசல் நேர்மையாகத் திறந்திருந்தால் மக்கள் வாசலாலேயே வருவர்.

அப்பணம் வந்த பின் என்ன ஆகின்றது என்பது அடுத்த வினா. வீடு கட்டவும் சீதனத்துக்கும் கடன் தீர்க்கவும் அது செலவாகிவிடுகின்றது. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியற்ற வங்கிமுறைக்கு இடமளித்தது. 2011இல் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. இலாப நட்டத்தைப் பகிரும் இம்முறையினூடாக, களப்பு நண்டைப் பதப்படுத்தவும் கருவாட்டைத் தரமுயர்த்தவும் குளிர்க் களஞ்சியம் அமைக்கவும் பணவனுப்பலைத் திருப்பிவிட முடியுமாயின், வளைகுடாவின் உழைப்பு இக்கரையின் உற்பத்தியாக மாறும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சிறுவணிகத்துக்கெனத் தனி வாசல் திறக்கப்படல் வேண்டும். இந்தியாவும் பங்களாதேஷும் 2011ஆம் ஆண்டு தொடக்கம் மேகாலயா எல்லையில் எல்லைச் சந்தைகளை நடத்தி வருகின்றன. எல்லையோர மக்கள் குறித்த நாளில், குறித்த பெறுமதிக்கு உட்பட்டு, உள்ளூர் விளைபொருள்களைத் தத்தம் நாணயத்திலேயே விற்று வாங்குவதற்கு அவை வழிசெய்தன. தரை எல்லைக்குப் பொருந்திய இம்முறையைக் கடல் எல்லைக்கேற்ப மாற்றி, கற்பிட்டியில் சிறிய சுங்க நிலையமும் தரப் பரிசோதனைக் கூடமும் அமைத்து, பதிவுபெற்ற தோணிகள் வரையறுத்த பொருள்களைக் கொண்டுவரவும் கொண்டுசெல்லவும் அனுமதிப்பது நடைமுறைக்கு அப்பாற்பட்டதன்று. கடத்தலுக்கு எதிரான மிகச் சிறந்த காவலும் அதுவாகவே அமையும்.

இரண்டாவதாக, பெருமுதலீடு ஒவ்வொன்றும் கரையோர மக்களுக்கான பங்கை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடல் வேண்டும். சாம்பலின் முகாமைத்துவம், மீனவரின் கரை உரிமை, உள்ளூர் வேலைவாய்ப்பு ஆகியன பின்னர் இரந்து பெறும் சலுகைகளாக இருத்தலாகாது. 1992இல் பாதுகாக்கப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் பவளப்பாறைத் தொடர் போன்ற இயற்கைச் செல்வங்களும் கணக்கில் சேர்க்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, தீர்வையும் அறவீடும் பயிர்ச்செய்கைப் பருவம் தொடங்குமுன் அறிவிக்கப்பட்டு, அறுவடை முடியும்வரை மாறாதிருத்தல் வேண்டும்.

இந்தியாவுடனான பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தைகள் 2016ஆம் ஆண்டிலிருந்து விட்டுவிட்டு நடைபெற்று வந்துள்ளன. 2024 பெப்ரவரியில் தாய்லாந்துடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இனிவரும் உடன்படிக்கைகளின் பேச்சுவார்த்தை மேசையில் ஏற்றுமதியாளரும் வங்கியாளரும் அமர்வர் என்பதில் ஐயமில்லை. உடப்பின் மீனவரும், கற்பிட்டியின் விவசாயியும், மன்னாருக்குத் திரும்ப வழி பார்த்திருக்கும் குடும்பங்களும் அங்கே யாரால் பேசப்படுவர் என்பதைத் தமிழ், முஸ்லிம் அரசியல் பிரதிநிதிகள் சிந்தித்தல் வேண்டும். இக்கரையில் வாழும் இரு சமூகங்களும் தொழிலாலும் துயராலும் ஏற்கெனவே ஒருங்கிணைந்தவை. அருவக்காட்டுப் போராட்டத்தில் இணைந்து நின்ற அக்குரல், வர்த்தக மேசையிலும் இணைந்து ஒலிக்குமாயின், ஒல்லாந்தர் மூடிய வாசலை நாமேனும் திறக்கலாம்.